வாத்து சுட லைசென்ஸ் எந்த ஆபீசில் கிடைக்கும்?

"மாமா, அமெரிக்காவுல வாத்து சுடறதுக்கு லைசென்ஸ் குடுக்கறாங்களாமே? எந்த மாசம் சுடலாம், ஒரு நாளைக்கு எத்தனை சுடலாம்னு எல்லாத்துக்கும் ரூல்ஸ் இருக்காமே? நம்ம ஊர்ல அதை எந்த ஆபீஸ்ல வாங்கணும்?"

கேட்டவன் சோரியாங்குப்பத்துப் பையன், ஏழாம் வகுப்பு. அவன் டவுசர் பையிலிருந்து உண்டிவில்லின் ரப்பர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்காதது போலவே இருந்துகொண்டேன்.

சுருக்கமான பதில் இதுதான்: எந்த ஆபீசிலும் கிடைக்காது. இந்தியாவில் காட்டுப் பறவையைச் சுட லைசென்ஸ் தருவது 1991-லேயே நின்றுபோனது. சோரியாங்குப்பம் புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் இருக்கிறது; தென்பெண்ணையாற்றைத் தாண்டினால் தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனால் பஸ் மாறும், மின்கட்டணம் மாறும். பறவைச் சட்டம் மட்டும் மாறாது. இரண்டு கரைக்கும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம்தான்.

ஆனால் பையன் கேட்டது நல்ல கேள்வி. சில நாடுகளில் பறவையைச் சுடுவதற்கு ஏன் பருவம் வைத்திருக்கிறார்கள்? அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு நம் ஏரிக்கு வருவோம்.

ஒரு ஜோடி கௌதாரி ஒரு முறைக்கு ஆறேழு முட்டை இடும். எல்லாக் குஞ்சும் பிழைத்து வளர்ந்தால் சில ஆண்டுகளில் பாகூர் வயல்களில் நாம் கால் வைக்க இடம் இருக்காது. அப்படி ஆவதில்லையே, ஏன்? கீரி, பாம்பு, வல்லூறு, அடைமழை, கோடையில் தீனிப் பஞ்சம் எல்லாம் சேர்ந்து பெரும்பாலானவற்றைக் கொண்டுபோய்விடும். கற்பனையாக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். ஒரு புதர்க்காட்டில் 100 கௌதாரிகள். குஞ்சு பொரித்து முடிந்ததும் 250. அடுத்த ஆண்டு அதே மாதம் எண்ணினால் மறுபடி 100. இடையில் 150 பறவைகள் எப்படியோ செத்துப்போயின.

வேட்டைக்கு விதி வகுக்கும் விஞ்ஞானிகள் பிடித்துக்கொள்வது இந்த 150-ஐத்தான். அதில் ஒரு 30-ஐ மனிதன் எடுத்துக்கொண்டால் மீதிப் பறவைகளுக்குத் தீனியும் மறைவிடமும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், அதனால் பட்டினியால் சாவது குறையும், கடைசியில் அதே 100 மிஞ்சும் என்பது அவர்கள் வாதம். ஓர் எல்லை வரை இது உண்மைதான். எல்லை தாண்டினால் கணக்கு உடையும். விளைந்த நெல்லைத் தின்னலாம், விதைநெல்லில் கை வைக்கக்கூடாது என்று நம் விவசாயிகள் சொல்வது இதைத்தான். சிக்கல் என்னவென்றால், பறவைகளில் எது விதைநெல், எது விளைச்சல் என்று கோட்டையில் கட்டிப் பிரித்து வைக்க முடியாது. அந்தக் கோடு பறவைக்குப் பறவை, ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துகொண்டே இருக்கும்.

அமெரிக்கர்கள் இதைப் பட்டுத்தான் கற்றார்கள். பயணிப் புறா என்று ஒரு புறா அங்கே கோடிக்கணக்கில் இருந்தது. கூட்டம் பறந்தால் வானம் மறைந்து வெயில் மங்குமாம். கூடு கட்டியிருந்த காடுகளுக்கே போய், குஞ்சும் தாயுமாகச் சுட்டும் வலைபோட்டும் ரயிலில் ஏற்றி விற்றார்கள். கடைசிப் புறா 'மார்த்தா' 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் செத்தது. இரண்டு வருடம் கழித்து, 1916-இல், கனடாவுக்காக பிரிட்டனும் அமெரிக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டன. வலசை போகும் வேட்டைப் பறவைகளை மார்ச் 10 முதல் செப்டம்பர் 1 வரை யாரும் தொடக்கூடாது. அது அவை கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் காலம். மீதிக் காலத்திலும் வேட்டைப் பருவம் மூன்றரை மாதத்துக்கு மேல் போகக்கூடாது. தாயை ஒரு குண்டு கொன்றால் கூட்டில் இருக்கும் முட்டைகளையும் சேர்த்தே கொல்கிறது; அதனால்தான் முதல் விதியே காலத்தைப் பற்றியது.

அடுத்து எண்ணிக்கை. 1955-லிருந்து மே மாதங்களில் விமானம் ஓட்டத் தெரிந்த உயிரியலாளர்கள் சின்ன விமானத்தில் தாழப் பறந்து, கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் வாத்துகளையும் குளங்களையும் எண்ணுகிறார்கள். எத்தனை வாத்து, எத்தனை குளத்தில் தண்ணீர் என்பதைப் பார்த்துத்தான் பின்னால் வரும் பருவங்களுக்கு நாள் கணக்கும் தலைக் கணக்கும் முடிவாகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது இறக்கை உறை. தேர்ந்தெடுக்கப்பட்ட வேட்டைக்காரர்களுக்கு அரசாங்கம் தபால் உறை அனுப்பும். சுட்ட வாத்தின் ஓர் இறக்கையை அதில் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். பருவம் முடிந்ததும் விஞ்ஞானிகள் ஆயிரக்கணக்கான இறக்கைகளை மேஜையில் பரப்பி உட்காருவார்கள். முதல் வருடக் குஞ்சின் இறகு ஒடுங்கி, நுனி தேய்ந்து பிசிறடித்திருக்கும். வளர்ந்த பறவையின் இறகு அகலமாக, நுனி வட்டமாக இருக்கும். நிறத்தைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்பதும் தெரியும். ஒரு பெட்டையின் இறக்கைக்கு எத்தனை குஞ்சு இறக்கை வந்திருக்கிறது என்று எண்ணினால், அந்த வருடம் குஞ்சுகள் எவ்வளவு பிழைத்தன என்று தெரிந்துவிடும்! செத்த பறவையிடமிருந்து உயிரோடிருக்கும் பறவைகளைப் பற்றித் தெரிந்துகொள்ளும் வித்தை.

பணமும் உண்டு. அங்கே 16 வயது நிறைந்த வாத்து வேட்டைக்காரர்கள் லைசென்ஸோடு 'வாத்து ஸ்டாம்பு' ஒன்றையும் வாங்க வேண்டும். 1934-இல் வந்த முதல் ஸ்டாம்பை வரைந்தவர் ஜே. என். டார்லிங் என்ற பத்திரிகை கார்ட்டூனிஸ்ட். அப்போது ஒரு டாலர், இப்போது 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட், சதுப்பு நிலங்களை வாங்கவும் காப்பாற்றவும் போகிறது. குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு வாத்து ஓவியப் போட்டியும் உண்டு. வேட்டையை நான் விரும்புகிறவன் இல்லை. ஆனாலும் இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, இதை அப்படியே தூக்கி வந்து பாகூர் ஏரியில் வைத்தால்?

ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பறவைகளுக்குத் தொந்தரவில்லாத மாதம் எது என்று தேடுவோம்.

பாகூர் ஏரி புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இதற்குத் தண்ணீர் வருகிறது. செப்டம்பர், அக்டோபரில் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எல்லாம் வடக்கே சைபீரியா, மத்திய ஆசியா பக்கத்திலிருந்து வர ஆரம்பிக்கும். நீலச்சிறகியின் எடை பெரும்பாலும் அரைக்கிலோகூட இருக்காது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு இமயமலையைத் தாண்டி வந்து, மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போகிறது. அது கூடு கட்டுவது இங்கே இல்லை, வடக்கே கோடையில்தான். அமெரிக்க விதிப்படி பார்த்தால் குளிர்காலம் வேட்டைக்குத் தோதான பருவம்.

ஆனால் நம் ஊர்ப் பறவைகள் அந்த விதியைப் படிக்கவில்லை. நமக்கு மழை தருவது வடகிழக்குப் பருவம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்து ஏரி நிரம்பும். மீனும் தவளையும் நத்தையும் பெருகுவது அதற்குப் பிறகு. எனவே நத்தை குத்தி நாரை, கொக்கு, நீர்க்காகம் போன்றவை நவம்பர் தொடங்கி மார்ச் வரை கூடு கட்டுகின்றன. இங்கிலாந்தில் பறவை முட்டையிடும் வசந்த காலத்துக்கும் நம் பறவை முட்டையிடும் காலத்துக்கும் சம்பந்தமே இல்லை. வடக்கத்தி வாத்தைக் குறிவைத்து ஒரு வெடி வெடித்தால் கூட்டில் அடைகாக்கும் கொக்கும் எழுந்து பறக்கும். அது திரும்பி வருவதற்குள் காக்கை முட்டையைக் கொத்திவிடும்.

ஏப்ரல், மே? ஏரி வற்றி, மிச்சமிருக்கும் குட்டையில் பறவைகள் நெருக்கியடித்து நிற்கும். குறி தவறவே தவறாது. அது வேட்டை இல்லை, அள்ளுதல். வரப்பிலும் புதரிலும் கௌதாரியும் காடையும் தரையில் குழி பறித்து முட்டையிடுவதும் இந்தக் கோடையை ஒட்டித்தான். மழைக்காலம் வரைக்கும் அது நீளும். தண்ணீர் இருந்தால் முக்குளிப்பானும் தாழைக்கோழியும் இன்னும் பல மாதங்களில் கூடு கட்டப் பார்க்கும்.

தாளைப் பாருங்கள். காலி மாதம் ஒன்றாவது மிஞ்சியதா?

இப்படி ஏரிக்கு ஏரி, பறவைக்குப் பறவை காலம் மாறும் நாட்டில் வேட்டை லைசென்ஸ் எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். நடந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1912-இல் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாத்து, கௌதாரி, காடை, புறா, மயில், கொக்கு, மீன்கொத்தி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. எந்த மாதங்களில் இவற்றைத் தொடக்கூடாது என்பதை மாகாண அரசாங்கம் அறிவிக்கும். மீறினால் முதல் முறை 50 ரூபாய் வரை அபராதம்.

அபராதம் ஏழைக்கு. பெரியவர்களுக்கு? ராஜஸ்தானில் பரத்பூர் என்று ஓர் ஊர். அங்குள்ள சதுப்பு நிலத்தில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவும் விருந்தாளிகளும் 1938 நவம்பர் 12 அன்று, ஒரே நாளில், சுட்டுத் தள்ளிய பறவைகள் 4,273. இப்படிப்பட்ட வேட்டைகளின் கணக்கு அங்கே கல்லிலேயே பொறித்து வைக்கப்பட்டிருக்கிறது. இன்று அந்த இடம் கேவலாதேவ் தேசியப் பூங்கா. இளஞ்சிவப்புத் தலை வாத்து என்று பீகார், வங்காளப் பக்கத்தில் இருந்த ஒரு பறவையைக் காட்டில் உறுதியாகப் பார்த்தது 1935-இல். அதற்குப் பிறகு இல்லை.

1972 சட்டமும் முதலில் லைசென்ஸ் தந்தது. பெரிய விலங்குக்கு ஒன்று, சிறிய வேட்டை உயிர்களுக்கு ஒன்று, பொறிவைத்துப் பிடிப்பதற்கு ஒன்று என்று தனித்தனியாக. விதிகள் கறாரானவை. வண்டியில் இருந்துகொண்டு சுடக்கூடாது. விஷம், வெடி, வலை கூடாது. காட்டுக்குத் தீ வைத்து விரட்டக்கூடாது. சூரியன் மறைந்த பிறகு கூடாது. அடுத்தவர் நிலத்தில் அவர் சம்மதம் இல்லாமல் கூடாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கையில் லைசென்ஸ் வைத்திருப்பவர் காட்டுக்குள் இரண்டு சுட்டாரா இருபது சுட்டாரா என்று யார் எண்ணுவது? மே மாத விமானமும் இல்லை, இறக்கை உறையும் இல்லை. உயிரினங்கள் குறைந்துகொண்டே போயின. 1991-இல் சட்டத்தைத் திருத்தி லைசென்ஸையே எடுத்துவிட்டார்கள். 2022-இல் மறுபடி ஒரு திருத்தம். அதுவரை எலி, சுண்டெலியோடு தொல்லை உயிர்ப் பட்டியலில் கிடந்த காக்கைக்கும் அதில்தான் பாதுகாப்பு கிடைத்தது.

இவ்வளவுக்கும் முன்னோடி நம் பக்கத்திலேயே இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள். ஊர் மக்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, சுடக்கூடாது என்று 1798-இல் உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருப்பதாக இன்று நாம் பாடத்தில் படிக்கிறோம். அவர்கள் அதை விளைச்சலில் பார்த்தார்கள்.

இப்போது உண்டிவில்லுக்கு வருகிறேன்.

சட்டத்தில் 'வேட்டை' என்றால் கொல்வது மட்டும் இல்லை. கண்ணி வைப்பது, வலை போடுவது, இரை காட்டி வரவழைப்பது, விரட்டுவது, காயப்படுத்துவது எல்லாமே வேட்டை. அதோடு, காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டைதான்! துப்பாக்கி வேண்டும் என்ற அவசியமே இல்லை. தண்டனை பொதுவாக மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரணாலயத்துக்குள் செய்தால் இன்னும் கடுமை. நம் ஊசுட்டேரி 2008-லிருந்து சரணாலயம்.

"அப்ப ஓட்டல்ல காடை பிரியாணி விக்கறாங்களே?" என்று பையன் மடக்கினான். அது ஜப்பானியக் காடை, பண்ணையில் வளர்ப்பது. 17, 18 நாளில் பொரித்து, ஏழு வாரத்துக்குள் முட்டையிட ஆரம்பித்துவிடும். வரப்பில் ஓடும் காடை வேறு. கொக்கையும் மடையானையும் இறகு பறித்து ரகசியமாக விற்கிறார்கள் என்றால் விற்பது மட்டுமல்ல, வாங்கி வைத்திருப்பதும் குற்றம்.

அதை வாங்காமல் இருக்கச் சட்டத்தை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சிலர் நெல்லில் குருணைப் பூச்சிமருந்தைக் கலந்து தூவிப் பறவை பிடிக்கிறார்கள். அந்த வகை மருந்துகளில் ஒன்றான கார்போஃபியூரான், நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சேதியை நிறுத்தும் நொதியை முடக்கிவிடும். தசை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும், மூச்சு நின்றுபோகும். அந்த மருந்து பறவையின் வயிற்றோடு நின்றுவிடும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. துப்பாக்கியால் சுட்டதென்றால் ஈயம். வாத்துக்குப் பல் இல்லை. கல்லை விழுங்கி, கோழிக்கறியில் கெட்டியாக வருமே அந்த அரைவைப்பையில் வைத்துத் தீனியை அரைக்கிறது. ஏரியின் அடியில் கிடக்கும் ஈயக் குண்டையும் கல் என்று நினைத்து விழுங்கும். அது அரைபட்டுக் கரைந்து ரத்தத்தில் கலந்து, சுடப்படாத வாத்தையும் கொல்லும். இதனால்தான் அமெரிக்காவில் 1991 முதல் வாத்து வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது.

பறவையைப் பிடிக்க இன்றும் அனுமதி வாங்குகிறவர்கள் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிக்காகத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அனுமதி கேட்கலாம். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் மெல்லிய வலையில் பறவையைப் பிடித்து, எடை பார்த்து, இறக்கையை அளந்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டிப் பறக்கவிடுகிறார்கள். அதே வளையத்தோடு அது வேறு நாட்டில் கிடைத்தால் வலசைப் பாதை தெரியும். பறவை வேட்டையில் ஆசை உள்ள பிள்ளைகள் வளர்ந்ததும் இந்த வேலைக்குப் போகலாம். இதிலும் பதுங்க வேண்டும், காத்திருக்க வேண்டும், பிடிக்க வேண்டும்; எல்லாம் உண்டு.

ஒரு குறையைச் சொல்லாமல் விட மனமில்லை. வேட்டை நடக்கும் நாட்டில் தலைக்கு எத்தனை என்று சொல்ல வேண்டியிருப்பதால் பறவையை எண்ணியே ஆக வேண்டும். நாம் மொத்தமாகத் தடுத்துவிட்டதால், எண்ணுவதில் நமக்கு அவ்வளவு அவசரம் இல்லாமல் போய்விட்டது. தடை சரிதான். ஆனால் ஏரியைத் தூர்த்தாலும் பறவை போய்விடும், விஷம் வைத்தாலும் போய்விடும். எண்ணிக்கை கையில் இல்லை என்றால் எப்போது போனது, எதனால் போனது என்றே தெரியாது.

அந்த வேலையை நீங்கள் செய்யலாம். 2015-லிருந்து ஒவ்வொரு ஜனவரியும் பொங்கல் விடுமுறையில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. லைசென்ஸ் வேண்டாம், கட்டணம் இல்லை. ஏதாவது ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த, குரல் கேட்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து, வீட்டுப் பெரியவர்கள் துணையோடு 'இபேர்டு' இணையதளத்தில் ஏற்ற வேண்டும். பாகூர் ஏரிக்கரையோ, சோரியாங்குப்பத்து ஆற்றங்கரையோ, உங்கள் வீட்டு மொட்டை மாடியோ எதுவானாலும் சரி. போகும் வழியில் கண்ணியோ வலையோ கண்ணில் பட்டால் நீங்களாக அவிழ்க்கப் போகாதீர்கள். இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள். அவர்கள் வனத்துறைக்குச் சொல்லட்டும். பெயர் தெரியாத பறவையை யூகித்து எழுதாதீர்கள். அலகு, கால், வால் எப்படி இருந்தன என்று பக்கத்தில் குறித்து வையுங்கள், பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.